பாதி புதைந்த பந்து

போன வெள்ளிக்கிழமை, கீழே கிடந்த ஒரு பந்தைக் கையில் எடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்கு நாலு பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் கையில் வாக்கி டாக்கி!

கோல்ஃப் பந்துதான். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி.

பதினெட்டு வருஷமாக துபாயில் ஒரு மேடம் வீட்டில் கூட்டித் துடைக்கிறவள் நான். எனக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்? என் அண்ணன் மகன் செல்வம்தான் சம்பந்தம். அவன் ஒரு கோல்ஃப் கிளப்பில் வேலை பார்க்கிறான். நான் அவனோடும் அவன் பெண்டாட்டி கலாவோடும்தான் ஷார்ஜாவில் ஒரே ரூமில் இருக்கிறேன்.

செல்வத்துக்கு என்ன வேலை தெரியுமா? மணல் வாருவது. கோல்ஃப் மைதானத்தில் அங்கங்கே குழி வெட்டி, மணல் நிரப்பி வைத்திருப்பார்கள். பங்கர் என்று பெயர். பந்து அதில் விழுந்தால் வெளியே எடுப்பது கஷ்டமாம். தினமும் விடியும் முன் இவன் போய், நீளமான வாரியால் அந்த மணலைக் கோடு கோடாகச் சீவிவிட வேண்டும். படிய வாரின தலை மாதிரி இருக்க வேண்டுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. சுற்றிலும் பாலைவனம். அதில் தண்ணீரைக் கொட்டிப் புல் வளர்க்கிறார்கள். அந்தப் புல்லுக்கு நடுவே குழி வெட்டி... மறுபடியும் மணலையே கொட்டுகிறார்கள்! அதுவும் இந்த ஊர் மணல் ஆகாதாம். வேறெங்கிருந்தோ வருகிற வெள்ளை மணலாம். கேட்டால் செல்வம் சிரிக்கிறான். "அத்தே, இதையெல்லாம் கேட்டா இங்க பொழைக்க முடியாது."

பெரிய போட்டி ஒன்று நடந்தது. பல நாட்டு ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. "நீ சீவுற மணலை நான் ஒருநாள் பார்க்கணுமே" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். உடனே கூட்டிப் போனான். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டையெல்லாம் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

பார்க்க வருகிறவர்கள் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஆனால் இவன் என்னை வேலைக்காரர்கள் போகிற பாதையில், ஒரு சின்ன வண்டியில் ஏற்றி, உள்ளே கொண்டுபோய் ஒரு மரத்தடியில் விட்டான். அதற்கு அனுமதி கிடையாது என்று அப்போது என்னிடம் சொல்லவில்லை.

"போனை சைலன்ட்ல வைங்க. யாராவது அடிக்கிறப்ப பேசாதீங்க, நடக்காதீங்க. அந்தா தெரியுது பாருங்க, அந்த பங்கர் நான் சீவுனது. நான் போய்த் தண்ணி வாங்கிட்டு வர்றேன்."

பேசாதே என்றான். நடக்காதே என்றான். எடுக்காதே என்று சொன்னானா? சொல்லவில்லை!

அவன் போன கொஞ்ச நேரத்தில், எங்கிருந்தோ விர்ரென்று ஒரு பந்து வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அடித்திருக்கிறார்கள். அடித்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பொத்தென்று செல்வத்தின் மணலில் விழுந்து, பாதி உள்ளே போய்விட்டது. அழகாகச் சீவியிருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? தரையில் எது கிடந்தாலும் என் கை தானாகப் போகும் — ரிமோட், சாக்ஸ், பொம்மை எதுவானாலும். இறங்கினேன். பந்தை எடுத்தேன். முந்தானையால் துடைத்தேன். பக்கத்திலேயே ஒரு வாரி கிடந்தது. பள்ளத்தையும் என் கால் தடத்தையும் சீராக வாரிவிட்டு மேலே ஏறினேன்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைத்தவர் வருவார், கொடுக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு...

வந்தார். நல்ல உயரம். வெயிலில் பழுத்த முகம். ஆஸ்திரேலியாக்காரர். கூடவே மட்டைப் பையைச் சுமக்கிற ஆள். நான் பந்தை நீட்டினேன். சுமக்கிற ஆள் தலையில் கை வைத்தார். ஆட்டக்காரர் கையை உயர்த்தி யாரையோ கூப்பிட்டார். அப்போதுதான் வாக்கி டாக்கி ஓடி வந்தது. அவர் நடுவர். பின்னாலேயே கையில் தண்ணீர் பாட்டிலோடு செல்வம்.

"என்னத்தே பண்ணுனீங்க?"

"கீழ கெடந்துச்சுப்பா. தொடச்சு வச்சேன்."

"தொடச்சு வேற வச்சீங்களா?"

விஷயம் இதுதான். ஓய்ந்து கிடக்கிற பந்தை வெளியாள் யாராவது எடுத்துவிட்டால் ஆட்டக்காரருக்குத் தண்டனை இல்லை. ஆனால் பந்து எங்கே, எப்படிக் கிடந்ததோ, அப்படியே திரும்ப வைக்க வேண்டும். மணலில் புதைந்து கிடந்திருந்தால் அதே மாதிரி புதைத்து வைக்க வேண்டும். எப்படிக் கிடந்தது? அதுதான் யாருக்கும் தெரியாதே! அடையாளத்தைத்தான் நான் சுத்தமாக வாரிவிட்டேனே. கூட்டமெல்லாம் வேறு பெரிய ஆட்டக்காரர் பின்னால் போயிருந்தது. பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

நாலு பேர் ஒன்றாகப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே கயிற்றுக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் போட்டோ எடுக்கிறார்.

நடுவர் இங்கிலீஷில் ஒரு வரி கேட்டார். செல்வம் அதைத் தமிழில் மூன்று வரியாகச் சொன்னான்.

"பந்து எப்படிக் கெடந்துச்சுன்னு கேக்குறாரு. அத்தே, மணலுக்கு மேலயே கெடந்துச்சுன்னு சொல்லிருங்க. பந்தை விழ வைக்கிற குழி அவருக்கு இன்னும் ரெண்டுதான் பாக்கி, இதுல ஒரு அடி கூடுனாலும் நாளைக்கு ஆட முடியாது, வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அவரு கோவத்துல கம்ப்ளெயின்ட் குடுத்தாருன்னா, ஒங்கள உள்ள கூட்டிட்டு வந்தது யாருன்னு கேப்பாங்க. என் வேலை போயிரும் அத்தே."

இவ்வளவையும் சிரித்த முகத்தோடு சொல்கிறான்! அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது அல்லவா?

நான் பேசவில்லை. பேசினால் அதை இவன்தான் இங்கிலீஷ் ஆக்குவான். எப்படி ஆக்குவான் என்று எனக்குத் தெரியும்.

பயம் இல்லையா என்றால், இருந்தது. கலாவுக்கு இப்போதுதான் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது. செல்வம் சம்பளம் நின்றால் ரூம் வாடகையே ஆட்டம் காணும். மேலே கிடந்தது என்று சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். யாருக்கு நஷ்டம்? ஆனால் அந்த ஆட்டக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவர் மாதிரி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

வலது கையை முஷ்டி பிடித்தேன். இடது கையால் அதைப் பாதி மூடிக் காட்டினேன். இவ்வளவு உள்ளே. இவ்வளவு வெளியே.

செல்வத்தின் சிரிப்பு போய்விட்டது.

"ஷ்யூர்?" என்றார் ஆஸ்திரேலியாக்காரர். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கேஸை அணைத்தாயா, ஷ்யூரா என்று மேடம் தினம் கேட்பார்கள். தலையாட்டினேன். இடத்தையும் விரலால் காட்டினேன்.

அவர் மணலில் முட்டி போட்டார். தன் பந்தைத் தானே மணலுக்குள் வைத்து அமுக்கினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் இரண்டு விரலால், 'இன்னும் கொஞ்சம்' என்று காட்டினேன்.

செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். மட்டை சுமக்கிற ஆள் என்னவோ முணுமுணுத்தார். ஆஸ்திரேலியாக்காரர் மட்டும் வாய்க்குள் சிரித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அமுக்கினார்.

பிறகு அடித்தார். ஒரு கூடை மணல் பறந்தது. பந்து குழியின் உதட்டில் முட்டி, உருண்டு, அவர் காலடிக்கே திரும்பி வந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது அடியில் வெளியே போனது.

ஆட்டம் முழுதும் முடிந்ததும் அவர் அந்த வழியாகவே திரும்பி வந்தார். பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நானா வாங்குவேன்? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும்தான். பந்தைச் செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பெரிய போர்டில் பெயர்களைப் போட்டிருந்தார்கள். செல்வம் விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு கோட்டுக்குக் கீழே நிறுத்தினான்.

"ஒண்ணு அத்தே. ஒரே ஒரு அடியில வெளிய போயிட்டாரு."

வீட்டுக்கு வந்தோம். கலா மீன் குழம்பு வைத்திருந்தாள். மூன்று பேரும் அதை டி.வி.யைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். டி.வி. போடவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே ஆபீஸில் கூப்பிட்டுவிட்டார்கள். யூனிபார்மை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனான். மத்தியானம்வரை போன் இல்லை. மேடம் வீட்டில் ஒரே கண்ணாடியை நான் மூன்று தடவை துடைத்தேன்.

நாலு மணிக்குப் போன் வந்தது.

"அத்தே... வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க. ஒங்கள உள்ள கூட்டிட்டுப் போனதுக்கு."

"வேலை?"

"இருக்கு. அந்தாளு கம்ப்ளெயின்டே குடுக்கல. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட ஒங்க பேரைக் கேட்டு எழுதி வாங்கிட்டுப் போனாராம். மேனேஜர் சொல்றாரு, அடுத்த வருஷம் ஒன் ஆன்ட்டிய கயித்துக்கு வெளிய ஒக்கார வைன்னு."

எனக்கு அப்புறம்தான் அரிப்பு ஆரம்பித்தது. யார் இந்த மனிதர்? ஏன் அவருக்குக் கோபம் வரவில்லை?

கலா தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்து வந்தாள். நான் வெங்காயம் உரிக்க உரிக்க அவள் படித்துத் தமிழில் சொன்னாள். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் நான் எப்படி வெளியிடுவது?

சின்ன வயதில் ஒரு கோல்ஃப் கடையில் மட்டைகளுக்குப் பிடி மாற்றுகிற வேலை. பிறகு ஆட்டக்காரராகப் பதிவு. சொந்த நாட்டில் முதல் வெற்றி. அப்புறம் ஐரோப்பா. அங்கே ஆட ஒரு கார்டு வேண்டுமாம். பரீட்சை மாதிரி ஆடி அதை வாங்கியிருக்கிறார். மறுவருஷம் கார்டு போய்விட்டது. திரும்பவும் பரீட்சை. பிறகு ஐரோப்பாவில் முதல் வெற்றி. பிறகு ஒரே வருஷத்தில் இரண்டு வெற்றி. உலகத்திலேயே பெரியதாக நினைக்கிற போட்டிகளில் ஒன்றையும் ஜெயித்திருக்கிறார். கோப்பையோடு படம். தலைமுடி அப்போது நிறைய.

"ஐரோப்பாவுல மொத வெற்றிக்கும் அந்த ரெண்டு வெற்றிக்கும் நடுவுல எத்தனை வருஷம் கலா?"

"ஏழு, பெரியம்மா."

"அந்த ஏழு வருஷம் என்ன பண்ணுனாராம்?"

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் போடல. ஜெயிச்சதை மட்டுந்தான் போட்டிருக்காங்க."

ஏழு வருஷம்! எத்தனை ஊர், எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை போர்டில் கோட்டுக்குக் கீழே தன் பெயரைப் பார்த்திருப்பார்? எத்தனை தடவை பெட்டியைக் கட்டியிருப்பார்? அதெல்லாம் ஏன் தாளில் இல்லை? எனக்கு அந்தக் கோப்பைப் படத்தை விட அந்த வெற்றிடம்தான் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றியது. அவர் மணலில் முட்டி போட்டதை நான் பார்த்தேனே... முதல் தடவையாகப் போடுகிறவர் மாதிரி இல்லை அது.

இங்கே வளைகுடாவில் எங்கள் கதையும் அப்படித்தானே எழுதப்படுகிறது? வந்த வருஷம், வீடு கட்டிய வருஷம், பெண்ணுக்குக் கல்யாணம் செய்த வருஷம். நடுவில் உள்ளதை ஊரில் யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

கலாவிடம் பேனாவை வாங்கினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இருந்தாலும் கடைசி வெற்றிக்குக் கீழே நானே எழுதினேன்: 'துபாய். வெள்ளிக்கிழமை. பந்து பாதி புதைந்திருந்தது. அவரே புதைத்தார்.'

செல்வம் வந்து படித்துப் பார்த்தான். தாளை டேப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

"ஒரு விஷயம் கேக்கவா அத்தே? நெஜமாவே பாதி உள்ள போயிருந்துச்சா?"

"நீ சீவுன மணலு பஞ்சு மாதிரி இருந்துச்சு. பின்ன போகாதா?"

அவனுக்கு அது பிடித்திருந்தது. சிரிப்பை மறைக்க ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தான்.

பந்து இப்போது எங்கள் டி.வி. மேல் இருக்கிறது. ஒரு வாரத் தூசு படிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் துடைக்கட்டும்... நான் தொடுவதாக இல்லை.