பூஜையில் வைத்த ஆல்பம்

ஆயுத பூஜையன்று மதியம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் கார்டு ஆல்பம் சாமி படத்துக்கு முன்னால், அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. அட்டையில் ஈரச் சந்தனமும் குங்குமமும் வழிந்தன.

படம் போட்ட கார்டுகளைச் சேர்த்து ஆடும் இந்த விளையாட்டுக்கு செஞ்சியில் ஆள் கிடையாது. பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் அலைந்து, கார்டுக்குக் கார்டு மாற்றிச் சேர்த்தவை. நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தேன். முதல் பக்கத்தில், இருப்பதிலேயே அரிதான தங்க டிராகன் கார்டு. அதை உறையோடுகூட ஈரக்கையால் தொடமாட்டேன்.

ஆல்பத்தை எடுக்கப் போனேன்.

"தொடாத. நாளைக்குக் காலைல தீபம் காட்டிட்டுதான் எடுக்கணும்," என்றார் அம்மா.

"உள்ள ஈரம் போயிருந்தா?"

"அதெல்லாம் போவாது."

சாப்பாடு இறங்கவில்லை. சந்தனம் காய்கிறதா, ஓரத்தில் கசிகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கே பாவமாகிவிட்டது.

"இன்னாத்துக்குடா இவ்ளோ டென்ஷன்? உள்ள இருக்கிறதுல அந்த டிராகனுக்கு மட்டும்தான் பொட்டு வெச்சேன். பிளாஸ்டிக்கு மேல சந்தனம் நிக்கல. உறைய கழட்டிட்டு நல்லா பெருசா வெச்சிருக்கேன்."