செதில் உதிர்ந்த வருடங்கள்

நான் போர்ட்பிளேருக்கு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் அது தொடங்கியது. அறுபதுகளின் ஆரம்பம். கணவருக்கு ரோடு போடும் இலாகாவில் கிளார்க் வேலை. பத்துபஸ்தி என்ற இடத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு குவார்ட்டர்ஸ் வரிசை இருந்தது. அதில் நான்காவது வீடு எங்களுடையது. மகளுக்கு அப்போது எட்டு மாதம். எனக்குத் தொண்டை வீங்கி ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, தலை வாரும்போது சீப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்தது. பொடுகு என்று நினைத்தேன்.

பொடுகுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது? வெந்தயம் அரைத்துத் தேய்த்தேன். எலுமிச்சைச் சாறு தேய்த்தேன். எரிச்சலில் கண் கலங்கியது. தயிர் தேய்க்கச் சொன்னார்கள். பால் பவுடரைக் கரைத்துப் புரை ஊற்றும் தயிர் சோற்றுக்கே பத்தாது. தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் பஞ்சமில்லை என்பதால் அதை ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். செதில் ஊறிப் பெயர்ந்து வரும். அடியில் தோல் சிவந்து கிடக்கும். மூன்றே நாளில் மறுபடி மூடிக்கொள்ளும், கெட்டியாக, வெள்ளி நிறத்தில்.

அடுத்த வீட்டில் ஒரு திருநெல்வேலி அக்கா இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தையில்லை. அதனாலோ என்னவோ, என் மகளையும் என்னையும் சேர்த்தே வளர்த்தாள். மத்தியானம் வேலை முடிந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். அன்றைக்கும் பின்ன உட்கார்ந்தாள். வகிடு எடுத்தவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னட்டி இது, காதுக்குப் பின்னால எல்லாம் புண்ணா கெடக்கு?"

"பொடுகுக்கா."

"பொடுகு இப்படியா இருக்கும்? மழைத் தண்ணி ஒத்துக்கிடலயோ என்னமோ."

பின்னி முடித்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் வீட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவினாள். எனக்குத் தெரியாமல் கழுவ வேண்டும் என்றுதான் உள்ளே போனாள். பலகைச் சுவரில் சத்தம் கேட்கத்தானே செய்யும். மறுநாள் மத்தியானம் அவள் வரவில்லை.

நெற்றியோரம், முழங்கை, கால் முட்டி என்று அது இறங்கி வந்தது. கறுப்பு, கருநீலப் புடவைகளை எல்லாம் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வெளிர் நிறப் புடவையில் உதிர்வது தெரியாது. முழங்கை மூடுகிற மாதிரி ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டேன். எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் முதலில் அந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பேன். பாயில் விழுந்திருந்தால் முந்தானையால் துடைப்பேன். பேசிக்கொண்டிருப்பவர்கள் கண் என் முகத்திலிருந்து நெற்றி மேட்டுக்கு ஏறுவது எனக்கு உடனே தெரிந்துவிடும்.

வரிசை முழுவதற்கும் ஒரே குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லா வீட்டுப் பெண்களும் அங்கே இந்தியில்தான் சண்டை போடுவார்கள், இந்தியில்தான் சிரிப்பார்கள். ஒரு நாள் என் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைக்கப் போனபோது பேச்சு நின்றது. பெங்காலி வீட்டம்மா பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இஸ்கோ கோட் ஹை."

கோட் என்றால் குஷ்டம். அந்தச் சொல் எனக்கு அதற்கு முன் தெரியாது. அவள் சொன்ன விதத்திலேயே புரிந்துவிட்டது. நான் பிடித்த பிறகு, எனக்கு அடுத்து நின்றவள் குழாயின் வாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நான் இரண்டு குடம் பிடிக்க வேண்டியவள், ஒரு குடத்தோடு வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூக்கலாமா கூடாதா என்று யோசித்தபடி தொட்டில் பக்கத்தில் நின்றேன். மகள் அழுதாள். நான் தூக்கவில்லை. ஆபீஸ் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவர் ஓடி வந்து தூக்கினார்.

"பிள்ளை கத்துது, பாத்துக்கிட்டு நிக்கிற?"

சொன்னேன். அவர் லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் பெங்காலிக்காரர், வயதானவர். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். முழங்கையிலும் காலிலும் பஞ்சால் தொட்டார், பிறகு குண்டூசியால் லேசாகக் குத்தினார். எங்கே தொடுகிறேன் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். எதற்கு இந்தச் சோதனை என்று எனக்குத் தெரியும். குஷ்டம் என்றால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். ஒவ்வொரு குத்தும் வலித்தது. வலிக்க வலிக்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

"கோட் நஹி ஹை," என்றார். "சோரியாசிஸ். கிசிகோ நஹி லகேகா."

யாருக்கும் ஒட்டாது. என் கணவர், "டீக் ஹோ ஜாயேகா, சாப்?" என்று கேட்டார். குணமாகிவிடுமா?

டாக்டர் சீட்டு எழுதி முடித்துவிட்டு, "ஆயேகா, ஜாயேகா," என்றார். வரும், போகும். அவ்வளவுதான். பொய் சொல்லாத அந்த மனிதர் மேல் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

கம்பவுண்டர் அகன்ற வாய்ப் பாட்டிலில் கறுப்பாக ஒரு களிம்பு கொடுத்தார். தார் கலந்தது. தலையில் பூசினால் புது ரோடு போட்ட வாசனை. "நம்ம டிபார்ட்மெண்ட் மருந்துதான்," என்று கணவர் சிரிக்கப் பார்த்தார். தலையணை உறையெல்லாம் கறுத்தது. அடர்த்தியான முடி எனக்கு, இடுப்புக்குக் கீழே தொங்கும். களிம்பு முடியில் ஒட்டியதே தவிரத் தோலுக்குப் போய்ச் சேரவில்லை. பூசியதை எடுக்க மூன்று முறை அலச வேண்டும். மழை பெய்தவரை தகரக் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து அலசினேன். மருந்து தீர்ந்துபோனால் மெட்ராஸ் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கப்பல் தள்ளிப்போகும். அதற்குள் தலை பழையபடி ஆகிவிடும்.

ஒட்டாத வியாதி என்று கணவர் வரிசையில் எல்லோரிடமும் சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். குழாயைச் சாம்பல் போட்டுக் கழுவுவது நிற்கவில்லை.

ஒருவழியாக உண்டாகியிருந்த அக்காவுக்கு அந்த மார்கழியில் ஆண் குழந்தை பிறந்தது. குறைமாதம். கையளவுதான் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று பூண்டுக் குழம்பு வைத்து, தூக்கில் ஊற்றிக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். நானே போனால் சங்கடப்படுவாள் என்று போகவில்லை. மத்தியானம் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். அவர்கள் வீட்டு வாழை மரத்தடியில் குழம்பு கொட்டிக் கிடந்தது. பூண்டுப் பற்கள் உரித்தது உரித்தபடி மண்ணில் கிடந்தன. கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது.

நான் அழவில்லை. ஆறு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்காரி வேறு என்ன செய்வாள் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சமைத்ததை வெளியாருக்குக் கொடுக்கப் பல வருடம் கை வரவில்லை.

மழை நின்றது. மாசியில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. தலைக்குச் செலவழிக்கத் தண்ணீர் இல்லை. களிம்பும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து தலை கனத்தது. அரிப்பில் சொறிந்து சொறிந்து நகக்கண்ணில் ரத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் பின்வாசலில் கண்ணாடியைச் சாத்தி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"எனக்கும் எடுத்து விட்டுருங்க."

"எதை?"

"முடியை. முழுசா."

அவர் முகத்தில் பாதி நுரை. சுமங்கலிப் பெண் வீட்டு வாசலில் உட்கார்ந்து தலை மழித்துக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஊரில் அவர் அம்மா கேள்விப்பட்டால் கடிதத்திலேயே ஒப்பாரி வைப்பார்கள்.

"நாவிதரைக் கூப்பிடட்டுமா?"

"அவர் வந்து பாத்துட்டு மாட்டேன்னு சொன்னா? நீங்களே எடுங்க."

முதலில் கத்தரிக்கோலால் வெட்டினார். பிறகு கத்தி. செதில் இருந்த இடங்களில் கத்தி வைக்கப் பயந்து, ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடித்ததும் கண்ணாடியைக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"கேட்டா முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம்," என்றார். "பழநிக்குப் போக முடியல, இங்கயே எடுத்துட்டோம்னு."

நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலையில் துணி சுற்றிக்கொண்டு மறுநாள் குழாய்க்குப் போனேன். வேண்டுதல் என்றேன். நம்பினார்கள். அந்தப் பெங்காலி வீட்டம்மா கும்பிடுவதுபோல் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். இத்தனை மாதமாக உண்மை சொல்லிக் கிடைக்காத இடம் ஒரு பொய்யில் கிடைத்தது. எனக்கு உள்ளே கூசியது.

நான்காம் நாள் பகலில் அக்கா வந்தாள். வாசல்படி தாண்டாமல் நின்றாள். கையில் குழந்தை, இருமிக்கொண்டே இருந்தது.

"எம் பிள்ளைக்குச் சளி நெஞ்சைக் கட்டுது, தாயி. டாக்டர் மருந்துக்கும் நிக்க மாட்டேங்கு. நீ முடியையே குடுத்தவ. நீ வேண்டிக்கிட்டா முருகன் கேப்பான். எம் பிள்ளைக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கயேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சரி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் படி ஏறி உள்ளே வந்திருப்பாள், மறுபடி என் அக்காவாகியிருப்பாள். குழந்தை இருமியதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை விஷயத்தில் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. துணியை அவிழ்த்தேன்.

"வேண்டுதல் இல்லக்கா. மருந்து தோல்ல படணும்னு எடுத்தது. இதுதான் என் தலை. பாருங்க."

வெயில் நேராகத் தலையில் விழுந்தது. சிவந்த திட்டுகளும் மேலே வெள்ளைச் செதிலுமாக அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

"யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாருக்கா. நம்பலைன்னா நீங்களே போய்க் கேளுங்க. என்னைப் பாத்த அந்த வயசான டாக்டர் பிள்ளைங்களுக்கும் நல்லா பாப்பாரு. இவனையும் தூக்கிட்டுப் போங்க."

அப்படியே திரும்பிப் போய்விட்டாள். நான் தலையில் துணியைச் சுற்றத் தோன்றாமல் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலமே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும், பிள்ளை பத்து நாள் அங்கே படுக்கையில் இருந்ததும் பிறகு தெரிந்தது. பிள்ளை பிழைத்தான். அவள் புருஷன் டாக்டரிடம் என்னைப் பற்றியும் கேட்டிருக்கிறார். திரும்பி வந்த பிறகு ஒரு காலையில் குழாயடியில் எனக்கு அடுத்து வந்து நின்றாள். நான் குடம் எடுத்ததும், சாம்பலைத் தொடாமல் தன் குடத்தை அப்படியே வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிய? டாக்டர்ட்ட கேட்டாச்சு. நஹி லகேகா," என்றாள் சத்தமாக.

அதற்குப் பிறகு வருவாள், போவாள், பேசுவாள். நான் கொடுத்தால் காபி குடிப்பாள், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில். முடி வளர்ந்த பிறகும் அவள் எனக்குத் தலை பின்னவில்லை. நானும் கேட்கவில்லை.

முடி இல்லாதவரை களிம்பு வேலை செய்தது. முடி வளர வளர அதுவும் வளர்ந்தது. நான் இடுப்பு முடியை விட்டுவிட்டுத் தோளளவில் நிறுத்திக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள் களிம்பு, மறுநாள் அலசல், மற்ற நாளில் எண்ணெய். கவலைப்பட்டால் கூடும். மழை தொடர்ந்தால் கூடும். தொண்டை கட்டினால் கட்டாயம் கூடும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கணவருக்குக் கார் நிக்கோபாருக்கு மாற்றல் வந்தது. அங்கே தினமும் காலையில் கடலில் குளிப்பேன். வெயிலில் கை கால் காய உட்கார்ந்திருப்பேன். நான்கு மாதத்தில் முழங்கையில் சுவடே இல்லை. தலையும் தெளிந்தது. பெட்டியிலிருந்து கருநீலப் புடவையை எடுத்துக் கட்டினேன். கணவர் பார்த்துவிட்டு, பெட்டியில் மீதியிருந்த கறுப்புப் புடவைகளையும் எடுத்து வெயிலில் உதறிப் போட்டார். டாக்டர் சொன்னது தப்பாகிவிட்டது என்று இரண்டு வருடம் நம்பினேன். திரும்பப் போர்ட்பிளேர் வந்த முதல் மழையில், காதுக்குப் பின்னால் விரல் வைத்தபோது சொரசொரவென்று இருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து அழுததுபோல் முதல் தடவைகூட நான் அழுததில்லை.

இதை எல்லாம்விட ஒரு பயம் எனக்கு இருந்தது. ஞாயிறுதோறும் மகளை வெயிலில் உட்காரவைத்து, வகிடு வகிடாகப் பிரித்து அவள் தலையைப் பார்ப்பேன். பேன் பார்க்கிறேன் என்பேன். பத்து வயதானபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பேன் இல்லம்மா. உனக்கு இருக்கிறது எனக்கும் வந்துருச்சான்னு பாக்கிற."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"வருமா?"

"தெரியாதும்மா. வந்தாலும் வரும், வராமலும் போகும்."

"வந்தா?"

"வந்தா என்னென்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். ஒளிச்சு வைக்காம என்கிட்ட சொல்லிடு."

அவள் தலையை என் பக்கம் சாய்த்து, "இந்தப் பக்கம் இன்னும் பாக்கல," என்றாள்.