சுமாராகத்தான் நடத்தினேன்

எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் புகழக் கூடாது, கண் பட்டுவிடும். ஆசிரியப் பயிற்சியில் நான் முதலாவதாகத் தேறிய சேதி கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்து மெச்சியபோது அம்மை பதறிப்போனாள். "இவளா? கஞ்சி வடிக்கத் தெரியாது. பேப்பர் திருத்தினவன் உறங்கிப்போயிருப்பான்." எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யாராவது மெச்சினால் நானும் "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்றவர்கள்.

திருவட்டாறிலிருந்து பஸ்ஸில் அம்மை துணைக்கு வந்தாள். வழியெல்லாம் ஒரே பாடம். "பெரும பேசப்பிடாது மக்கா. தாழ்ந்து நிக்கணும், கேட்டியா?"

தலைமையாசிரியர் பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அம்மையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு வகுப்பில் என்னைப் பின்னக் கணக்கு நடத்தச் சொன்னார். ஒரு தேங்காயை உடைத்துப் பங்கு வைப்பதுபோலச் சொல்ல ஆரம்பித்ததும் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். மணி அடித்தபோது கடைசி பெஞ்சுக்காரிகூடக் கை தூக்கியிருந்தாள். நன்றாகவே நடத்தினேன். அது எனக்குத் தெரியும்.

அவர் தம் அறையில் பேனாவைத் திறந்தார். "எப்படி நடத்தினீங்க? நீங்களே சொல்லுங்க."

என் நாக்கு என்னைக் கேட்காமலே பேசியது. "சுமாராத்தான் நடத்தினேன் சார். எனக்கு அவ்வளவாத் தெரியாது."

எங்கள் ஊரில் இதற்கு ஒரே மறுமொழிதான்: "சும்மா சொல்லாத, நல்லாத்தான் இருந்து." அதற்காகக் காத்து நின்றேன். அவரோ நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வேண்டும். முதலாவதாகத் தேறியதையாவது இப்போதே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். காதெல்லாம் சுட்டது, வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒண்ணுமில்ல சார்."

"தெரியாதுன்னு நீங்களே சொல்லும்போது, பிள்ளைகளை எப்படிம்மா உங்ககிட்ட விடுறது?" என்றார், வருத்தமாகவே. பேனாவை மூடினார்.

வெளியே அம்மை எழுந்து ஓடி வந்தாள்.

"பெரும ஒண்ணும் பேசல்லியே?"

"இல்ல."

"தாழ்ந்து நின்னியா?"

"நின்னேன்."

அவள் முகம் மலர்ந்தது. எங்கள் ஊர்க் கோயில் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"பின்ன என்ன மக்கா, வேல நமக்குத்தான்."