டைவ் கம்ப்யூட்டரில் நான் வைத்த அளவு

“டைவ் 18. புதுச்சேரி கடல். பாதுகாப்பு அளவு: குறைவு.” திண்டிவனம் வீட்டிலுள்ள என் நோட்டில் இப்படி இருக்கிறது. கடலடியில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று சொல்லும், கையில் கட்டும் கம்ப்யூட்டரில், கூடுதல் நிமிடங்களுக்கு ஆசைப்பட்டு அப்படி வைத்தேன். வழிகாட்டியாகக் கூட வந்த செல்வி, மரக்காணத்து மீனவர் வீட்டுப் பெண். தினமும் இறங்குபவள் என்பதால் ‘அதிகம்’ என்று வைத்திருந்தாள்.

கீழே பச்சை வெளிச்சத்தில் ஒரு மீன்கூட்டம் என்னைச் சுற்றி மெல்லத் திரும்பியது. எனக்கு எடையே இல்லை, ஊரும் பேரும் இல்லை. மேலே போகலாம் என்று செல்வி கட்டைவிரலை உயர்த்தினாள். என் திரையில் இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அதைக் காட்டிவிட்டு மிதந்தேன். என்னைத் தனியே விட மனமில்லாமல், தன் நேரம் தீர்ந்த பிறகும் அவள் நின்றாள்.

படகில் ஏறியதும், “இன்னாண்ணா, மீனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருந்தீங்களா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வலியில் தன் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு பேரு எறங்குனா, யாருக்குக் கொறைச்சலா காட்டுதோ அதாண்ணா ரெண்டு பேருக்கும் டைம்.”

ஆக்சிஜன் முகமூடியை அவள் முகத்தில் பிடித்தபடி கரைக்கு வந்தேன். எனக்கென்று நான் தேர்ந்தெடுத்த ஆபத்தை அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

வலி இரண்டு நாளில் போய்விட்டது. அது கீழே கூடுதல் நேரம் இருந்ததில் ரத்தத்தில் தங்கிய காற்றுக்குமிழால் வந்ததா, காலையில் அவள் நங்கூரம் இழுத்ததால் வந்ததா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நோட்டில் டைவ் 18-க்குக் கீழே ‘வலிக்குக் காரணம்’ என்று எழுதிய இடத்தை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறேன்.