ஒண்ணுமில்லை மேடம்

அக்காவுக்கு முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. துறையில் எல்லோரும் கை கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நான் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவேன், அப்புறம் எல்லோருடைய முகமும் கோணிப்போகும். என் வாய் அப்படி.

அக்கா எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு எங்களோடு ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். முதல் நாள் அவரைப் புதுப் பேராசிரியர் என்று நினைத்து நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். "உக்காருங்க, நானும் உங்க கும்பல்தான்" என்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அக்கா. எங்கள் நெறியாளர்கூட மறந்துபோய், "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அக்காவின் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரே ஒரு பழைய கார், ஓட்டுநர் பள்ளி என்று ஒரு பலகை. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எனக்கும் அவர்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். வாய் ஓயாத மனிதர். பயந்தவர்களிடம் பேசிக்கொண்டே இருந்தால்தான் கை நடுங்காது என்பது அவருடைய சித்தாந்தம். கிளட்சுக்கும் கியருக்கும் நடுவில் அக்காவின் ஆராய்ச்சியையே விளக்குவார். கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடை வெறும் களிமண்ணை வைத்து எப்படிப் பிடிக்கலாம் என்று அக்காவிடம் கேட்டதைவிட, வளைவில் திரும்பும்போது மாஸ்டரிடம் கேட்டதுதான் எனக்கு அதிகம்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. கடைசியில் நடக்கும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பொதுமக்களும் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். "அன்னிக்கு நான் எந்திரிச்சு ஒரு கேள்வி கேக்கப்போறேன் பாருங்க, எங்க டாக்டரம்மா திருதிருன்னு முழிக்கப்போறாங்க" என்பார். என்ன கேள்வி என்றால் சொல்லமாட்டார். சொன்னால் படித்துவிட்டு வந்துவிடுவாளாம்.

அக்காவின் வேலை ஆளைப் பிடித்துவைக்கிற வேலை. ஆளுயரக் கண்ணாடிக் குழாய்களில் களிமண்ணை அடைத்து, மேலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கீழே வருவதை வேளை தவறாமல் எடுத்து அளக்கவேண்டும். மாதக்கணக்கில் ஓடவேண்டிய சோதனை. நடுவில் ஒரு நாள் தண்ணீர் வற்றிக் களிமண் வெடித்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குழாய்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார். இதற்கு நடுவில் பாடத் தேர்வு எழுதவேண்டும், இரண்டு கட்டுரை வெளியிடவேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறை ஆய்வுக் குழுவின் முன்னால் நின்று இதுவரை என்ன கிழித்தோம் என்று சொல்லவேண்டும்.

அந்தக் குழுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் முடிந்ததும் நெறியாளரை வெளியே அனுப்பிவிடுவார்கள். வேறு துறையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியை மாணவரிடம் தனியாகக் கேட்பார்: ஏதாவது சிரமம் இருக்கிறதா, நெறியாளரால், வீட்டில், உடம்புக்கு? மாணவர் மனம்விட்டுப் பேசட்டும் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் வழக்கம் வேறு. எங்களில் மூத்தவர் ஒருவர், எட்டாவது வருஷமும் மாணவராகவே இருந்ததால் தாத்தா என்று பெயர் வாங்கியவர், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவைப்பார்: "என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லை மேடம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடு. வாயத் தெறந்தே, மாட்டினே." யாரோ ஒருவர் ஒரு காலத்தில் வாயைத் திறந்து, குழு அவரைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்து, படிப்பே பாழாய்ப் போனதாம். அந்த யாரோ யார் என்று தாத்தாவுக்கே தெரியாது. ஆனாலும் நாங்கள் அத்தனை பேரும் ஒண்ணுமில்லை மேடம் என்று சொல்லிவிட்டு வந்தோம். படிப்பில் கெட்டிக்காரர்கள், எதற்கும் ஆதாரம் கேட்பவர்கள், இதை மட்டும் ஆதாரமில்லாமல் நம்பினோம்.

ஒருநாள் என் தங்கை ஓட்டுநர் வகுப்பிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். மாஸ்டர் குடித்துவிட்டு வருகிறார், பேச்சு குழறுகிறது, இனிமேல் போகமாட்டேன் என்றாள். மாஸ்டர் தேநீரைத் தாண்டி எதையும் தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். குழாயின் அடியில் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தவர் மாற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். நரம்பு நோயாம். முதலில் நாக்கும் தொண்டையும் போகும், பிறகு கை, பிறகு மூச்சு. மருந்து கிடையாது. எத்தனை காலம் என்று டாக்டர் சொல்லமாட்டேன் என்கிறார். இதையெல்லாம் அக்கா பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

லீவு போடுங்கள் என்றேன். எங்கள் விதிகளில் அது இருக்கிறது. வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்றால் ஒரு வருஷம் வரை விடுப்பு, அந்த ஒரு வருஷம் படிப்புக் கணக்கில் சேராது, உதவித்தொகைகூடப் பாதி வரும். சேர்ந்த அன்றைக்கே இதையெல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தப் புத்தகத்தின் மேல் தேநீர்க் கோப்பை வைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா தலையை ஆட்டிவிட்டார். "லீவு போட்டா ஒரு வருஷம் தள்ளிப்போயிடும். அவருக்கு அவ்வளவு நேரம் இல்ல. வேகமா முடிச்சுட்டா, வைவா அன்னிக்கு அவர் எந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம். குரல் இருக்கும்போதே முடிக்கணும்." நான் விடாமல் மன்றாடிப் பார்த்தேன். இதைப் பற்றி இனிமேல் பேசினால் உன்னோடு பேசமாட்டேன் என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த குழுக் கூட்டத்தில் அந்தப் பேராசிரியை வழக்கம்போலக் கேட்டார். அக்கா வழக்கம்போலச் சொன்னார். சொல்லிவிட்டு வந்து, கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அதன் பிறகு ஆய்வகமே கதி என்று ஆனார். மத்தியானத்தில் மாஸ்டர் போன் செய்வார். முன்பெல்லாம் அந்தப் பேச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்கும், சிரிப்பும் கேட்கும். இப்போது அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இங்கே பாட்டில் நிறைந்துவிடும். வந்து பேசுகிறேன் என்று அக்கா வைத்துவிடுவார். இருட்டிய பிறகு அவர் வீட்டுக்குப் போகும்போது, நாளெல்லாம் பேச முயன்று களைத்துப்போன மனிதர் தூங்கியிருப்பார். அவருடைய கடைசிப் பேச்செல்லாம் காய்கறிக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் செலவாகிக்கொண்டிருந்தது. 

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டாவது கட்டுரையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். மாஸ்டர் எதிரில் வந்து உட்கார்ந்து, லேப்டாப்பை மெதுவாக மூடினாராம். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாராம்.

"கேள்வியெல்லாம் ஒண்ணும் கிடையாது. சும்மா உன்னை வம்புக்கு இழுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வா. பேச முடியிற வரைக்கும் உன்கூடப் பேசிட்டுப் போறேன்."

அடுத்த குழுக் கூட்டத்தில் பேராசிரியை கேட்டார்.  "இருக்கு மேடம்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். யாரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை. வெளியே நின்ற நெறியாளரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் விஷயத்தைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானத்துக்குள் அவர் கையெழுத்து, சாயங்காலத்துக்குள் டீன் கையெழுத்து. தாத்தா தலையைக் குனிந்துகொண்டு வந்து, குழாய்களை யார் எப்போது பார்த்துக்கொள்வது என்று எங்களுக்கு முறை பிரித்துக் கொடுத்தார். காலை முறையை அவரே எடுத்துக்கொண்டார். அக்கா பயந்த எதுவும் நடக்கவில்லை. அத்தனை மாதம் மென்று முழுங்கிய விஷயம் ஒரே பகலில் முடிந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்கமுடியாதது. குழு கல்நெஞ்சுக் குழுவாக இருந்திருந்தால் அதைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

அக்கா விடுப்பில் வீட்டுக்குப் போனபோது மாஸ்டரின் குரலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சில சாயங்காலங்கள் பேசினார்கள். பிறகு வெறும் சத்தம் வந்தது, அதுவும் அக்காவுக்கு மட்டும் புரிந்தது. பிறகு பலகையில் எழுதினார். பிறகு விரல்களும் மடங்கிக்கொண்டன. குழாயில் களிமண் வெடிக்காமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். மாஸ்டர் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அக்கா எங்களிடம் சோதனை அளவுகளைத்தான் விசாரித்தார். நாங்களும் சொன்னோம்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் நான் ஆய்வகத்துக்கு வந்தால் அக்கா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். விடுப்பில் இருப்பவர் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்பது விதி, அதனால் அவருடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்காது. மீதி விடுப்பை ரத்து செய்யச் சொல்லி அலுவலகத்தில் கேட்டாராம். அங்கிருந்தவர்கள் ரொம்ப அன்பாகப் பேசினார்களாம். அவசரமே இல்லை, முழு வருஷமும் எடுத்துக்கொண்டு ஓய்வாக வீட்டில் இருங்கள் என்றார்களாம்.

"வீட்டுல இருக்கறதுக்கா நான் லீவு கேட்டேன்? அவர்கூட இருக்கறதுக்குக் கேட்டேன்" என்றார்.

விதியாவது ஒன்றாவது. என் அட்டையை வைத்துக் கதவைத் திறந்தேன். அக்கா நேராகக் குழாய்களிடம் போகவில்லை. தொட்டியில் சேர்ந்துகிடந்த பீக்கர்களைக் கழுவ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினேன். பாதி கழுவியதும், என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"என்னைக் கட்டிக்க ஏன் சம்மதிச்சீங்கன்னு ஒருநாள் கேட்டேன். இத்தனை வருஷத்துல கேட்டதே இல்ல. சிரிச்சுட்டு, அது பெரிய கதைன்னு ஆரம்பிச்சாரு. முதல் தடவை என்னைப் பார்த்தது எங்க வீட்டுல இல்லையாம், அதுக்கு முன்னாடியே ஒரு பஸ்சுல பார்த்திருக்காராம். எனக்கே தெரியாது. நான் யார்கிட்டயோ சண்டை போட்டுட்டு இருந்தேனாம். அதுக்குள்ள இருமல் வந்துடுச்சு. நாளைக்குச் சொல்றேன்னாரு."

தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு பீக்கரை அலசினார்.

"மறுநாள் வாய் வரல. பலகையைக் கொடுத்து எழுதுங்கன்னேன். ரெண்டு வரி எழுதினாரு. எழுதினா நல்லா இல்லைன்னு தலையாட்டிட்டு அவரே அழிச்சுட்டாரு."

 அக்கா கையிலிருந்ததைக் கழுவி முடித்து என்னிடம் நீட்டினார்.

"நான் யாரோட சண்டை போட்டேன்னு எவ்வளவோ யோசிச்சுப் பாக்குறேன். எனக்கு அந்த பஸ்ஸே ஞாபகம் இல்ல" என்றார்.