அடுப்பேறிய உருளி

அறுபதுகளின் தொடக்கத்தில், திருவானைக்காவலில் எனக்கிருந்த ஓட்டு வீட்டில் ரயில்வே குமாஸ்தா ஒருவர் குடியிருந்தார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. கூரை ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்திருப்பார். கோடையிலும் எடுக்க மாட்டார்.

வாடகையை ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்கப் போனேன். நடுக்கூடத்திலிருந்த வெண்கல உருளியைக் காட்டினார்.

"அடுத்த மழையில இது காஞ்சு கிடக்கட்டும் சார், நானே கூட்டித் தரேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடு முழுவதையும் பிரித்து மாற்றினேன். ஐப்பசியில் மழை கொட்டியதும் குடையோடு ஓடினேன். அவர் உருளிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை.

"ஜெயிச்சிட்டீங்க சார்!" என்று கத்தியவர், உருளியைத் தூக்கிப்போய் மனைவியிடம் கொடுத்தார். அன்று அதில்தான் பாயசம்.

வாடகை கூடியதற்குப் பாயசம் வைத்த குடித்தனக்காரரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.