ஊட்டில் சும்மா இருப்பவள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டின் மீதும் ஆபீஸின் மீதும்தான். நான் வேலையே பார்ப்பதில்லை என்ற விஷயத்தில் இந்த இரண்டு தரப்புக்கும் அப்படியொரு ஒற்றுமை.

நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டத்து வீடு. பக்கத்திலேயே சின்னதாக ஒரு கோழிப்பண்ணை. கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர ஐந்தாறு மாதமாகும். மாமனார் இல்லை. வீட்டில் நான், மாமியார், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். பெங்களூரில் ஒரு கம்பெனி எழுதுகிற மென்பொருளை, வாங்குபவர் கைக்குப் போகும் முன் சோதித்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. உடைப்பதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று மாமியார் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் வேலையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது அவளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போனேன். மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருவேன். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் வீடியோவில் பார்ப்பது. அவளுக்குப் பேச்சு வந்தபோது மாமியாரை 'அம்மா' என்றாள். என்னை 'போனம்மா' என்றாள். செல்போன் கண்ணாடியைத் தடவித் தடவிக் கூப்பிடுவாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன்.

பிறகு ஊரடங்கு வந்தது, கம்பெனி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. ஒரு மாதத்தில் நான் அம்மா ஆனேன். ஊர் திறந்து மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனபோது, நான் மட்டும் கெஞ்சிக் கூத்தாடி இங்கேயே இருக்க அனுமதி வாங்கினேன். வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மானேஜர் வீடியோவில் வந்து விசாரிப்பார். அவர் வேண்டாம் என்றால் மறுபடியும் ஹாஸ்டல், மறுபடியும் போனம்மா. அவ்வளவுதான் என் பயம்.

இதே வேலைக்கு இப்போது எங்கள் பக்கம் வந்திருக்கிற மவுசைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முன்பெல்லாம் பெண் வீட்டார் மாப்பிள்ளை பெங்களூரா, அமெரிக்காவா என்றுதான் கேட்பார்கள். இப்போது "வொர்க் ஃப்ரம் ஹோம்ங்களா?" என்று கேட்கிறார்கள். ராசிபுரத்தில் மாடியில் ஏசி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு மதியம் சாப்பாடு மேலேயே போகிறதாம், அவன் கூட்டத்தில் பேசும்போது கீழே மிக்ஸி கூட ஓடாதாம். ஆண் பிள்ளை வீட்டில் உட்கார்ந்தால் அது உத்தியோகம். நான் உட்கார்ந்தால் சும்மா.

இந்த வருஷம் மானேஜர் குறித்த நாள் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. முதல் நாளே மாமியாரிடம் சொல்லிவிட்டேன். பத்திலிருந்து பதினொன்று வரை யாரையும் உள்ளே விடாதீர்கள், இடியே விழுந்தாலும் கதவைத் திறக்காதீர்கள் என்றேன். சரி சாமி என்றார்.

பத்தே காலுக்குக் கதவு திறந்தது. மாமியாருக்கு அண்ணன் முறையான அவர் பெரியப்பா மகனும் மனைவியும் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பத்திரிகையை நேரில் வந்து, வீட்டு ஆள் கையில் தட்டோடு கொடுத்தால்தான் அழைத்ததாகக் கணக்கு. மாமியார் விதவை என்பதால் தட்டைத் தொட மாட்டார். யாரும் தடுக்காமலேயே விலகி நின்றுகொள்வார். இந்த வழக்கத்தைப் பற்றி அவரோடு நான் சண்டை போட்டு ஓய்ந்தது தனிக்கதை. ஆக, தட்டை வாங்க வீட்டில் இருக்கிற ஒரே கை என்னுடையது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் வேறு.

"ஒரு நிமிசம் வந்து வாங்கிரு கண்ணு" என்றார் மாமியார். கேமராவுக்குத் தெரியாமல் மேஜைக்குக் கீழே கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அவர்கள் அதைப் பார்த்து, கூப்பிடுகிறேன் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் எழுந்து, ஹெட்போனைக் கழற்றி வைத்து, குங்குமம் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினேன். மாப்பிள்ளை பெரிய கம்பெனி, ஊட்டில் இருந்தே வேலை என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். அதோடு போயிருந்தால் தப்பித்திருப்பேன். ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டதில் மானேஜரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. என்ன நடக்கிறது என்று தமிழில் கேட்டார், அவர் மதுரைக்காரர். பத்திரிகை வைக்கிற இடத்தில் ஒருவர் இருக்கும்போது அவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் அழைத்தால் அவமரியாதை. எனவே மாமியாரின் அண்ணன் லேப்டாப் முன்னால் வந்து கும்பிட்டு, நீங்களும் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று மண்டபம் பெயரெல்லாம் சொல்லி அழைத்தார். மானேஜர் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேசுகிற முகத்தைக் கண்டதும் மாமியாருக்கும் மரியாதை பொங்கிவிட்டது. குனிந்து கேமராவுக்குச் சொன்னார்:

"நீங்க பேசுங்க சாமி. அவசரமே இல்லீங்க. அது ஊட்ல சும்மாதான் இருக்குது."

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. சரி செய்கிறேன் என்று ஆரம்பித்தார்.

"சும்மான்னா ஒரேடியா சும்மா இல்லீங்க. தீவன லாரி வந்தா மூட்டைய எண்ணி எறக்கறது அதுதானுங்க. கேஸ் வாங்கி வெக்கறது, கரண்ட் ஆபீஸ் போறது, என்னைய நாமக்கல்லு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அதுதான். எழவு ஊடுன்னா ஊட்டுக்கு ஒருத்தர் போயாவோணும், அதுக்கும் அதுதான் போவோணும். ஒரு நிமிசம் உக்கார நேரமில்லீங்க அதுக்கு."

அத்தனையும் உண்மை. ஆனால் சாப்பாட்டு நேரத்திலும், விடிகாலையிலும், அரை நாள் லீவு போட்டும் செய்த உண்மை. ஒரு நாள் கூட ஆபீஸ் வேலையைப் பாக்கி வைத்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மானேஜர், அப்புறம் பேசலாம் மேடம் என்று போய்விட்டார். அன்று முழுக்க நான் மாமியாரோடு பேசவில்லை. அவருக்குச் சத்தியமாக ஏனென்று தெரியவில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உன்னைப் பற்றி நல்லதாகத்தானே சொன்னேன் என்றார்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. இனி வாரந்தோறும் செவ்வாய், புதன் இரண்டு நாள் பெங்களூர் ஆபீஸுக்கு வர வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒத்துழைப்பு வளருமாம்.

ஒத்துழைப்பு வளர்க்க, திங்கள் மத்தியானம் லீவு போட்டுக் கிளம்பினேன். சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெங்களூருக்கு ஒரு பஸ். பழைய ஹாஸ்டலில் ஒரு கட்டில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் அந்தப் பெரிய தளத்தில் நான்கு பேர். திரும்பிப் போன மற்றவர்களெல்லாம் பெயருக்குத்தான் ஆபீஸாம். நால்வரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேறு எங்கோ இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சோதிக்கும் மென்பொருளை எழுதுகிறவர் ஒருவர் கூட அங்கே இல்லை. இடையில் மாமியார் போன் செய்து, சிலிண்டர் புக் செய்த நம்பர் எங்கே என்று கேட்டார். மறுபடியும் அழைத்து, தீவன மூட்டையை யார் எண்ணுவது என்றார்.

பதினோரு மணிக்கு மானேஜர் வீடியோவில் வந்தார். நான் ஆபீஸில் இருக்கிறேனா என்று சரிபார்க்கத்தான். அவருக்குப் பின்னால் பூப்போட்ட ஜன்னல் திரை தொங்கியது, மடித்து வைக்காத துணி ஒரு குவியல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் ஆபீஸ் வரவில்லையா சார் என்று கேட்க நினைத்தபோது அவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. கேஸ்காரர் வந்திருக்கார், வாங்கி வைங்க."

அவர் அவசரமாக எதையோ அழுத்தினார். எல்லாம் கேட்டு முடிந்திருந்தது.

"போய் வாங்கிட்டு வாங்க சார்" என்றேன். "நான் ஆபீஸ்லதான் இருக்கேன்."

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு முடித்துக்கொண்டார். சிரித்திருக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்காகவா இத்தனை தூரம் வந்தேன் என்று ஆத்திரம்தான் வந்தது.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மாமியார் போனை அவளிடம் கொடுத்தார். கண்ணாடி முழுக்க அவள் முகம். சின்ன வயதில் அவள் செய்ததைப் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம், அது ஞாபகம் வந்திருக்கும். விரலால் திரையைத் தடவி, "போனம்மா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு.

போனை வைத்த கையோடு மானேஜருக்கு எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து நான் வர மாட்டேன், வீட்டிலிருந்துதான் வேலை பார்ப்பேன், என் வேலையில் ஒரு குறை காட்டினால் அன்றே விலகிக்கொள்கிறேன், காட்ட முடியாவிட்டால் என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். மெயிலுக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து செல்போனில் ஒரு செய்தி வந்தது.

"வர வேண்டாம் மேடம். ஆனா டீம்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் வீட்ல இருக்கறதையும் சேர்த்துத்தான்."

புதன்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்பி நடுராத்திரி ஊர் வந்து சேர்ந்தேன். வியாழன் காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தபோது மாமியார் வந்து நின்றார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் தவறிவிட்டாராம், சும்மாதானே இருக்கிறாய், ஒரு எட்டு போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடு என்றார்.

"வேலை இருக்குதுங்க அத்தை. நீங்க போயிட்டு வாங்க."

இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் செருப்பைத் தேடப் போனார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகள் உள்ளேதான் இருந்தாள், என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு.